ஆபீஸ் நேரத்தில் ஆன்லைன் கோர்ஸ்: எல்லைப்பக்க அரசு ஊழியர்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ் பேசுகிறவன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில் ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். ஊழியர்கள் எல்லோரும் சில ஆன்லைன் கோர்ஸ்களை மாதக் கடைசிக்குள் முடித்து, சர்டிபிகேட்டை அப்லோடு செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முடிக்காதவர்கள் பெயர் ரிவ்யூ மீட்டிங்கில் வாசிக்கப்படுமாம்.

படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எங்கள் வேலை ஓடாது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி மாநகராட்சி, நகராட்சிகளில் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சிச் சேவைத் தளம், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவு, வீட்டு வரி, கட்டட அனுமதி எல்லாம் இப்போது திரையில்தான். வருடக்கணக்காகப் பழகிய வேலையைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பக்கத்து சீட்டு அக்காவின் கம்ப்யூட்டரில் வீடியோ ஓடுகிறது, சத்தம் கிடையாது. கடைசிவரை ஓடினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்பதால் அதை அதுபாட்டுக்கு ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் விண்ணப்பம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கவுண்டருக்கு வெளியே ஒரு பாட்டி, புருஷனின் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் தப்பாக இருக்கிறது என்று ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நடுவில் திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கும். பதில் போடாவிட்டால் வீடியோ நகராது. அக்கா ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுப் பாட்டியிடம் திரும்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த நேரத்தில் பாட்டிதான் முக்கியம். கடைசித் தேர்வுக்கான விடைகள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து சேரும். சாயங்காலத்துக்குள் எல்லோர் கையிலும் சர்டிபிகேட். மறுநாள் அதே விஷயத்தில் சந்தேகம் வந்தால் பழையபடி யாருக்காவது போன் போட்டுத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று மொழி. மலையாளம் பேசுவது எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குச் சட்டம், விதி என்று வருகிற மலையாளத்தை வேகமாக வாசிக்க வராது. ஆங்கிலத்தில் ஓடும் வீடியோ என்றால் இன்னும் கஷ்டம்.

உங்கள் ஆபீஸில் இதற்கென்று நேரம் ஒதுக்குகிறார்களா? ஆன்லைனில் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொண்டவர்கள் இருந்தால், அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். மேலே ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வெறும் புலம்பலாக இருந்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

சித்தூர்ப்புழை டீச்சர் (சித்தூர்)

அவசியமான இழை. நான் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியை. உங்களுக்கு இப்போது வந்திருப்பது எங்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. மத்திய அரசின் நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சி 2019 ஆகஸ்டில் நேரடி வகுப்பாகத் தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு, 2020 அக்டோபரில் தீக்‌ஷா என்ற ஆன்லைன் பாடத் தளத்துக்கு மாறியது. வீட்டில் அடுப்பு வேலைக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தவர்கள் பலர். அதில் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கிடைத்தது, ஆளுக்கு ஆள் மாறுபட்டது.

எனக்கு நிஜமாகவே உதவியது பள்ளிகளின் தொழில்நுட்பத்தைப் பார்க்கும் கேரள அரசு நிறுவனமான கைட் நடத்தும் 'கூல்' என்ற ஆன்லைன் கோர்ஸ். அதில் வீடியோ பார்த்ததோடு முடிந்துவிடாது. செய்து காட்ட வேண்டிய வேலைகள் உண்டு. அவற்றைப் பார்த்துத் திருத்திச் சொல்ல ஒரு மென்டர் உண்டு. நான் அனுப்பியதில் தப்பு இருந்தால் திரும்பி வரும். "டீச்சர், இந்த இடத்தை மட்டும் மறுபடி செய்து பாருங்கள்" என்று ஒருவர் எழுதும்போது, நம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் வருகிறது. அது வந்தால் விடையைக் காப்பி அடிக்கத் தோன்றாது.

2024 கோடையில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி கொடுத்தார்கள். எண்பதாயிரம் ஆசிரியர்களுக்கு என்று திட்டம், ஆனாலும் 25 பேர் கொண்ட பேட்ச், மூன்று நாள், நேரடி வகுப்பு. கம்ப்யூட்டர் விஷயத்தைக் கம்ப்யூட்டர் வழியாகவே முழுக்கச் சொல்லிவிடலாம் என்று அவர்களே நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மொழி பற்றி: 2020 ஜூன் 1-ல் ஃபர்ஸ்ட் பெல் என்ற டிவி, ஆன்லைன் வகுப்புகள் தொடங்கிய கொஞ்ச நாளில் தமிழ், கன்னட வழிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடம் எடுத்துப் போட்டார்கள். எடுத்தது நம் பக்கத்து ஆசிரியர்கள்தான். பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்ததை ஊழியர்களுக்குச் செய்ய முடியாதா என்று மனுவில் கட்டாயம் கேளுங்கள்.

ரிட்டயர்டு சூப்ரண்டு (பாலக்காடு)

நான் வருவாய்த் துறையில் இருந்தவன். என் கருத்து பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். பயிற்சி என்றால் ஊரைவிட்டுப் போய் உட்கார்ந்து படிப்பதுதான். அரசு ஊழியர்களுக்கான திருவனந்தபுரம் ஐ.எம்.ஜி. பயிற்சி நிறுவன வகுப்பாகட்டும், உள்ளாட்சிக்காரர்களுக்கு முளங்குன்னத்துக்காவில் உள்ள கிலா பயிற்சி நிறுவனமாகட்டும், அங்கே போனால் நம் மேசையில் இருக்கும் ஃபயல் நம்மை இழுக்காது. நிலவரி பற்றி வகுப்பு எடுத்தவரிடம் நம் கையில் சிக்கியிருக்கும் ஒரு கேஸையே எடுத்துக் கேட்கலாம். மத்தியானச் சாப்பாட்டில் காசர்கோட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்காருவார், அவருக்கும் இதே சிக்கல் இருக்கும், எப்படித் தீர்த்தார் என்று சொல்லுவார். அவர் நம்பரை வாங்கி வைத்தால் சர்வீஸ் முடியும்வரை உதவும். என் டைரியில் இருந்த அந்த நம்பர்கள்தான் எனக்கு உண்மையான பயிற்சி.

வீடியோவிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. செலவு மிச்சம் என்பதற்காக இதைக் கொண்டு வந்துவிட்டு முன்னேற்றம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

அங்கன்வாடி அக்கா (மறையூர்)

சூப்ரண்டு சார், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்த வகுப்புகளுக்கு யாரை அனுப்பினார்கள்? செக்‌ஷன் ஹெட்டை அனுப்பினார்கள், சீனியரை அனுப்பினார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஆர்டர் வந்தாலும் அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். பியூன், பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர், எங்களைப் போல சம்பளம் இல்லாமல் ஹானரேரியத்தில் (மதிப்பூதியத்தில்) வேலை பார்ப்பவர்கள், இவர்களில் யாராவது திருவனந்தபுரம் போய் வகுப்பில் உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

2021 மார்ச்சில் அங்கன்வாடி விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் ஆப் வந்தபோது எங்களில் பலருக்குப் போனில் டைப் அடிக்கவே தெரியாது. பிள்ளையின் எடையும் உயரமும் போட வேண்டும், கர்ப்பிணிப் பெண்களின் விவரம் போட வேண்டும். எனக்குச் சொல்லிக் கொடுத்தது வீடியோக்கள்தான். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் பார்ப்பேன். புரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன். நேரடி வகுப்பில் மூன்றாவது தடவை சந்தேகம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீடியோ அப்படிப் பார்க்காது. படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே ஆன்லைன் வேண்டாம் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். எங்களுக்குத் திறந்த முதல் கதவு அது. எனக்குள்ள குறை வேறு. சென்டர் மூன்றரைக்கு முடிகிறது. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போக வேண்டும், ரெஜிஸ்டர் எழுத வேண்டும். கோர்ஸுக்கு என்று நேரம் எங்கே? ராத்திரி பத்து மணிதான். டேட்டாவும் சொந்தக் காசு. மகனுக்கு ஆன்லைனில் ஏதாவது படிக்க வேண்டியிருந்தால் போனுக்கு வீட்டில் சண்டை. படிக்கச் சொல்கிறவர்கள் அதை வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இதை மனுவில் சேர்ப்பீர்களா தம்பி?

வட்டவடை மேகம் (வட்டவடை)

சேர்க்க வேண்டியதில் டவரும் ஒன்று. நாங்கள் இருப்பது மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் உள்ளே. வழியில் எங்காவது மரம் சாய்ந்தால் எங்களுக்குக் கரண்ட் போகும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். எங்கள் ஆபீஸில் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே நின்றால் போனில் ரேஞ்ச் கிடைக்கும். லாகின் செய்ய ஓ.டி.பி. வர வேண்டுமே, அதனால் ஆள் ஒருவர் ஜன்னலில் நிற்க, இன்னொருவர் கீழே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பார். மேலிருந்து நம்பரைக் கத்திச் சொல்ல வேண்டும். பாதி நாள் நம்பர் காலாவதியாகிவிடும்.

கேரள அரசின் இணைய இணைப்புத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு அலுவலகங்களை ஃபைபரில் இணைப்பது இலக்கு. இணைப்பு நன்றாக இருக்கும் அலுவலகங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் களத்தில் வேலை செய்கிறவன் ஆபீஸில் இருக்க மாட்டானே. இங்கிருந்து இடமலைக்குடி பக்கம் போகிற சுகாதார ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். 2010-ல் உருவான பஞ்சாயத்து அது, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அங்கே குடிகளுக்கு (பழங்குடிக் குடியிருப்புகளுக்கு) நடந்து போய் வேலை பார்ப்பவர்களிடம் வீடியோவை ஸ்ட்ரீம் செய்து பார் என்றால் எப்படி?

தீக்‌ஷா ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் பார்க்கலாம். எல்லாத் தளத்திலும் அது வேண்டும். பெரிய வீடியோவுக்குப் பதிலாக நாலு பக்கக் குறிப்பும் கூட வேண்டும். வாசித்து முடிக்கிற விஷயத்துக்கு எதற்கு முக்கால் மணி நேர வீடியோ?

பார்த்துக்கொண்டிருப்பவன்

விடைகள் வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எங்கள் குரூப்பிலும் வரும். அனுப்புகிறவரைத் தப்பாகச் சொல்லாதீர்கள். மேலே நூறு சதவீதம் முடிந்ததா என்று கணக்குக் கேட்கிறார்கள், கீழே அரை மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது ஆபீஸ் தலைவர். ஊழியர்களைக் காப்பாற்ற வேறு என்ன செய்வார்?

சித்தூர்ப்புழை டீச்சர் (சித்தூர்)

காப்பாற்றுவது யாரை என்று யோசித்துப் பாருங்கள் சார். பிறந்த தேதித் திருத்தம் பற்றிய பாடத்தை ஓட்டிவிட்டுச் சர்டிபிகேட் வாங்கிய ஒருவர், நாளைக்கு ஒரு பிள்ளையின் பதிவில் தப்பாகக் கை வைத்தால், பள்ளிக்கூடச் சேர்க்கையில் தொடங்கி பாஸ்போர்ட்வரை அந்தப் பிள்ளைதான் அலைய வேண்டும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜூனிலும் அப்படி ஒரு தாய் பேப்பர்களோடு வந்து அழுகிறார். நேரம் கொடுக்காதது மேலிடத்தின் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தப்பை மூடி மறைத்தால் மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகத்தான் தெரியும். பட்டியலில் பெயர் வந்தால் வரட்டும், ஏன் முடியவில்லை என்று எழுதிக் கொடுப்போம்.

ஆய்வுமேசை (கோயம்புத்தூர், சொந்த ஊர் கோபாலபுரம்)

நிர்வாகவியல் ஆராய்ச்சி மாணவன். நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஆராய்ச்சியில் பேர் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன், மனுவுக்குப் பயன்படும்.

1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்பவர் ஒரு மாதிரியை (மாடல்) முன்வைத்தார். புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏற்பதற்கு இரண்டு காரணம்: இது என் வேலைக்குப் பயன்படுமா, இதைப் பயன்படுத்துவது சுலபமா. இரண்டில் பயன்தான் பலமானது என்று அவர் கண்டார். கஷ்டமான கருவியைக்கூட வேலைக்கு உதவினால் பழகிக்கொள்வார்கள். எவ்வளவு சுலபமாக இருந்தாலும் வேலைக்கு உதவாததைத் தொட மாட்டார்கள்.

பிறகு 2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷும் மற்ற மூவரும், அந்த டேவிஸும் அவர்களில் ஒருவர், இதை விரித்தார்கள். பயன், சுலபம், சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு, நான்காவது உதவிச் சூழல். அதாவது கருவி, இணைப்பு, சந்தேகம் கேட்க ஒரு ஆள், இவையெல்லாம் கிடைக்கிறதா என்பது. கட்டாயப்படுத்தும் இடங்களில் சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு வேலை செய்யும், ஆனால் அனுபவம் ஏற ஏற அது மங்கிவிடும் என்றும் கண்டார்கள். உதவிச் சூழலோ வயதில் மூத்த ஊழியர்களுக்குக் கூடுதலாக முக்கியம். சுற்றறிக்கை போட்டால் முதல் மாதம் எண்ணிக்கை ஏறுவதும் பிறகு ஓய்ந்துவிடுவதும் ஏன் என்று இதிலிருந்து புரியும்.

மத்திய அரசின் ஊழியர் பயிற்சித் திட்டமான மிஷன் கர்மயோகிக்கு 2020 செப்டம்பர் 2-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்காக ஐந்து ஆண்டுக்கு 510.86 கோடி ரூபாய். அதன் ஐகாட் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் இப்போது ஒரு கோடிக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் ஆவணத்திலேயே இரண்டு விஷயம் இருக்கிறது. விதியை மையமாக வைத்த நிர்வாகத்திலிருந்து அவரவர் பொறுப்பை மையமாக வைத்த நிர்வாகத்துக்கு மாற வேண்டும் என்பது ஒன்று. வேலை செய்யும் இடத்திலேயே கற்பது வெளியே போய்க் கற்பதற்குத் துணையாக வேண்டும் என்பது மற்றொன்று. ஆக, நீங்கள் கேட்பது கொள்கைக்கு விரோதமானதே இல்லை. கொள்கையைச் செயல்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படிகளைச் சொன்னார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு வந்ததா. சர்டிபிகேட் எண்ணிக்கை இரண்டாவது படியைக்கூட முழுசாகத் தொடாது. ரிவ்யூ மீட்டிங்கில் மூன்றாவது படியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே நிலைமை மாறும் என்பது என் எண்ணம்.

எல்லைத்தபால் (மீனாட்சிபுரம் பக்கம்)

நான் கிராமின் டாக் சேவக், அதாவது கிராமத் தபால் ஊழியர். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து மணி நேர வேலைக்குத்தான் எங்களுக்குப் படி. தபால் துறையின் ஆன்லைன் பயிற்சித் தளமான டாக் கர்மயோகி 2022 ஜூன் 28-ல் வந்தது, நாலு லட்சம் பேருக்கு என்று சொன்னார்கள். அதில் சில பாடங்கள் எனக்குப் பிடித்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது போன வருடம் நடந்த மாற்றம். 2025 ஆகஸ்ட் 4-க்குள் நாடு முழுக்க புதிய தபால் மென்பொருள் வந்தது. அதற்கு முன் பயிற்சி மூன்று அடுக்காக நடந்தது. மாஸ்டர் டிரெய்னர், அப்புறம் யூசர் சாம்பியன், அப்புறம் நாங்கள். சொல்லிக் கொடு, மறுபடி சொல்லிக் கொடு, பிறகு நினைவுபடுத்து என்று வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் யூசர் சாம்பியனாக வந்தவர் எங்கள் சப் ஆபீஸ்காரர்தான், பொள்ளாச்சித் தமிழ் பேசுவார். என் போனைக் கையில் வாங்கவே இல்லை. "நீயே அமுக்குப்பா, தப்பானால் பார்த்துக்கலாம்" என்றார். நான் ஸ்பீட் போஸ்ட் புக் செய்தேன், அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு அதே பாடத்தை வீடியோவில் பார்த்தபோது எல்லாம் புரிந்தது. முதலில் ஆள், அப்புறம் வீடியோ. இந்த வரிசை மாறினால் எனக்குப் புரிந்திருக்காது.

நகரி நெசவு (நகரி, ஆந்திரம்)

எங்கள் பக்கத்துக் கதையும் சொல்கிறேன். ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 2-ல் கிராம, வார்டு சச்சிவாலயங்கள் (அந்தந்த இடத்து அரசு அலுவலகங்கள்) தொடங்கின. ஒரே கூரையின் கீழ் பல துறை ஆட்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை என்ன என்று சொல்லும் ஜாப் சார்ட் என்று ஒன்று உண்டு. எங்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, ஆனால் தெலுங்கு படித்தே வளர்ந்ததால் மொழிச் சிக்கல் உங்கள் அளவுக்கு இல்லை. சிக்கல் வேறு மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் சர்வே பார்க்கிறவரும் கால்நடை பார்க்கிறவரும் ஒரே கோர்ஸை முடிக்க வேண்டியிருந்தது. இருவர் வேலைக்கும் அதில் ஒன்றுமில்லை. மேலே தம்பி சொன்ன 'பயன்' என்ற விஷயம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. ஜாப் சார்ட்டைப் பார்த்துக் கோர்ஸ் ஒதுக்கச் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு சூப்ரண்டு (பாலக்காடு)

அங்கன்வாடி அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. கடைசி நிலை ஊழியர்களுக்குப் பயிற்சி போய்ச் சேரவே இல்லை என்பது உண்மை. அவர்களுக்கு ஆன்லைன் வேண்டும். அதோடு தபால்காரர் சொன்னது போல ஆளும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

மனு பற்றி என் அனுபவத்தில் சில வார்த்தை. கொள்கையை மாற்றுங்கள் என்று கேட்காதீர்கள். அது மேலே போய் மேலேயே நிற்கும். ஆபீஸ் தலைவர் தன் கையெழுத்திலேயே போடக்கூடிய ஆர்டர் என்ன என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் படிப்புக்கு என்று ஒதுக்கி, அந்த நேரத்தில் கவுண்டரில் யார் என்று முறை போடுவதற்கு எந்த மேலிட அனுமதியும் தேவைப்படாது. அதை முதலில் வாங்குங்கள். நடத்திக் காட்டிய பிறகு மேலே எழுதினால் எடை கூடும்.

மொழி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். பொதுமக்கள் தமிழில் எழுதிக் கொடுப்பதை வாங்கிப் பதில் எழுத வேண்டிய ஊழியருக்குத் தமிழில் பயிற்சிக் குறிப்பு வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, வேலைக்குத் தேவையானது. இப்படி எழுதுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதி, மலையாளப் பிரதி ஒன்றையும் இணைத்து, முறையான வழியில் அனுப்புங்கள். மலையாளப் பிரதி இருந்தால் ஃபயல் சீக்கிரம் நகரும்.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. சூப்ரண்டு சார் சொன்னதை எங்கள் செக்ரட்டரியிடம் பேசினேன். அவர் மலையாளி, நல்ல மனுஷர். புதன்கிழமை மூன்றரை மணிக்குக் கூட்டம் குறைவாக இருக்கும், அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கவுண்டரில் ஒருவர் முறை வைத்து இருப்பார், மற்றவர்கள் மீட்டிங் ஹாலில்.

முதல் புதன் முடிந்தது. வீடியோவைப் புரொஜெக்டரில் போட்டோம். ஒரு நிமிடம் ஓடும், நிறுத்துவோம். எங்கள் சீனியர் கிளார்க் மேடம் அதைத் தமிழில் சொல்வார், மலையாளக்காரர்கள் நடுவில் திருத்துவார்கள். பிறகு எங்களிடம் நிலுவையில் இருக்கும் ஒரு நிஜ விண்ணப்பத்தை எடுத்து, அந்தப் பாடத்தின்படி அதில் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தோம். வாரிசு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சொத்து வரிப் பெயர் மாற்றம் அது. பாடத்தில் அப்படி ஒரு நிலைமைக்கு விடை இல்லை. வாக்குவாதம் வந்தது, கடைசியில் மேல் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது என்று முடிவானது. பியூன் அண்ணன் எல்லா நேரமும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னோம். கடைசியில் அவர்தான், விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று திரையில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். ஜனங்கள் முதலில் அவரிடம்தானே வந்து கேட்கிறார்கள்! அவருக்கு அதைக் காட்டிக்கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் பாதி வீடியோதான் முடிந்தது. இந்த வேகத்தில் போனால் மாதக் கடைசிக்குள் முடியாது. செக்ரட்டரி அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

மனுவின் வரைவு இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"ஆன்லைன் பயிற்சியை நாங்கள் வரவேற்கிறோம். அது பயன்பட, வாரம் ஒரு மணி நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டு ஒதுக்க வேண்டுகிறோம். ஹானரேரியத்தில் பணியாற்றுபவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இது பொருந்த வேண்டும், டேட்டாச் செலவும் அவர்கள் கையிலிருந்து போகக் கூடாது. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவருக்கு முன்கூட்டியே நேரடிப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லித் தர நியமிக்க வேண்டும். அவரது மற்ற வேலைச் சுமையை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குப் பாடக் குறிப்புகளைத் தமிழிலும் தர வேண்டும். தயாரித்துக் கொடுக்க எங்களில் ஆட்கள் இருக்கிறோம். அவரவர் செய்யும் வேலைக்கேற்பக் கோர்ஸ் ஒதுக்க வேண்டும். பாடங்களை இறக்கி வைத்து இணையம் இல்லாமல் பார்க்க வழி வேண்டும். ஆய்வுக் கூட்டத்தில் சர்டிபிகேட் எண்ணிக்கையோடு, பயிற்சிக்குப் பிறகு வேலையில் என்ன மாறியது என்றும் கேட்க வேண்டும்."

அங்கன்வாடி அக்கா (மறையூர்)

நன்றி தம்பி. சொல்லித் தரும் ஆளின் வேலைச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று போட்டீர்களே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் பக்கம் விவரம் தெரிந்த பெண்ணின் தலையில்தான் எல்லார் வேலையும் விழுகிறது.

வட்டவடை மேகம் (வட்டவடை)

ஓ.டி.பி. விஷயம் விட்டுப்போச்சு. ரேஞ்ச் இல்லாத இடத்தில் லாகினுக்கு வேறு வழி வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு தடவை உள்ளே போனால் அந்த நாள் முழுக்கத் திறந்திருந்தால்கூடப் போதும்.

பார்த்துக்கொண்டிருப்பவன்

மாதக் கடைசிக் கெடுவை என்ன செய்யப் போகிறீர்கள்? மனுவில் அதைப் பற்றி ஒன்றும் காணோமே.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை பக்கம்)

மேகம் அண்ணா, சேர்த்துவிட்டேன். கெடு பற்றிக் கேட்டதும் சரிதான் சார். செக்ரட்டரியிடம் பேசியதில், எந்தக் கோர்ஸில் எதுவரை வந்திருக்கிறோம், மீதியை எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று தனிக் கடிதமாக ஆபீஸ் பெயரிலேயே அனுப்புவதாக முடிவாகியிருக்கிறது. எங்கள் குரூப்பில் விடை போடுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். மலையாளப் பிரதியை அடுத்த செக்‌ஷன் சேச்சி எழுதித் தருகிறார். பாலக்காடு, இடுக்கிப் பக்கத்து ஆட்களில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் தனிச்செய்தியில் அலுவலகத்தின் ஊரை மட்டும் சொல்லுங்கள், பிரதி அனுப்புகிறேன்.